முள் எகிறும் இடம்

கல்யாணமாகி வந்த முதல் வாரம் என் கணவர் எனக்கு இட்ட ஒரே கட்டளை, "தட்டத் தொடாத" என்பதுதான். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். எந்தத் தட்டு என்று கேட்கிற தைரியம் புதுப்பெண்ணுக்கு ஏது? கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. டவுன்காரர்கள், ஏதோ ஆசாரம் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, அவர் சாப்பிடும் எவர்சில்வர் தட்டின் பக்கமே போகவில்லை. மத்தியானம் சாப்பிட வந்தவருக்கு வாழையிலை போட்டேன். ராத்திரியும் இலை. மறுநாளும் இலை.

"வீட்ல எதனா விசேஷமா? வேளாவேளைக்கு எல போடற?" என்று கேட்டார்.

"நீங்கதாங்க தட்டத் தொடாதன்னு சொன்னீங்க."

வேறு யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து காட்டினார். அது என் அம்மா வீட்டுச் சீராக வந்த பீரோ. என் புடவைகள் இன்னும் டிரங்குப் பெட்டியிலேயே கிடக்க, அதன் மேல் தட்டிலிருந்து அடித்தட்டு வரைக்கும் ரெக்கார்டுகள் அடுக்கியிருந்தன. அவர் வாயில் அவற்றுக்கு இசைத்தட்டு என்றும் பெயர் இல்லை, ரெக்கார்டு என்றும் இல்லை, வெறும் தட்டுதான். எல்லாம் நின்றுகொண்டிருந்தன. படுக்க வைத்தால் வளைந்துவிடுமாம். எனக்குச் சக்களத்தி கறுப்பாக, வட்டமாக இருப்பாள் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் அது. அவர் பத்திரப்பதிவு ஆபீசில் எழுத்தர். நான் தட்டச்சுத் தேர்வு எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். திருவூடல் தெருவில் வாடகை வீடு. பொங்கல் முடிந்த கையோடு அம்மன் சுவாமியிடம் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் உற்சவம் எங்கள் தெருவில்தான் நடக்கும். ஊரே கூடி நின்று அந்தச் சண்டையை வேடிக்கை பார்க்கும். அம்மனுக்காவது வருஷத்தில் ஒரு நாள்தான் கோபம். எனக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு இன்னொரு துண்டில் மறுபடியும் துடைப்பார். அட்டையிலிருந்து தட்டை எடுக்கும்போது இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே விளிம்பு மட்டும்தான் படும். வெல்வெட் துணியால் ஒரே பக்கமாகச் சுற்றித் துடைப்பார். பிளேயரின் முள்ளில் ஒட்டியிருக்கும் தூசியை வாயால் ஊதுவார். அதை இறக்கிவிட்டு, எதிரே இருக்கிற ஒற்றைப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் வீட்டில் திருடன் புகுந்தாலும் அவருக்குத் தெரியாது.

கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தைக் கையில் கொடுப்பார், வெள்ளிக்கிழமை மறக்காமல் பூ வாங்கி வருவார், என் அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது வேலூர் ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தார். எனக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீயும் வந்து உக்காரு, கேளு" என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். கேட்டுப் பெறுகிற விஷயமா அது? அவராகச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான் அடுப்படியில் நின்று, சுவர் வழியாக வருகிறதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

அப்படி ஒட்டுக்கேட்டே எனக்கு ஏகப்பட்ட பாட்டு பாடமாகிவிட்டது. அதில் ஒன்றை அவர் அடிக்கடி போடுவார். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிப் போனவனைப் பற்றி ஒருத்தி பாடுகிற பழைய சினிமாப் பாட்டு. அவன் சொல்லிவிட்டுப் போவான், அடுத்த அடியிலேயே வந்து வாசலில் நிற்பான். என்ன ஒரு சொல் தவறாத ஆள் என்று நினைத்துக்கொள்வேன். இந்த வீட்டில் இருக்கிறவருக்கு அந்தப் பாட்டு ஏன் பிடிக்கிறது என்பதும் புரியாது.

அந்த நவராத்திரிக்குப் பக்கத்து வீட்டுக் கொலுவில் என்னைப் பாடச் சொன்னார்கள். சாமிப் பாட்டு ஒன்று பாடி முடித்ததும், "சினிமாப் பாட்டா இருந்தாலும் பரவால்ல, இன்னொண்ணு பாடும்மா" என்றார்கள். இதைப் பாடினேன். பாதியிலேயே பக்கத்து வீட்டம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா, அவ காத்துக்கினு இருக்கற வரி எங்க போச்சு? அதுக்குள்ள வந்துட்டானா அவன்?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன். தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கறுப்பில் ஒரு மயிரிழை மாதிரி குறுக்கே ஒரு கோடு.

"பாரு, இதான் கீறல். இங்க வந்தா முள்ளு எகிறிடும். அவ காத்துக்கினு இருக்கறத முழுங்கிட்டு, நேரா அவன் வந்து நிக்கற எடத்துல போயி உழும்."

"அப்ப நான் பாடனது தப்பா?"

"ஊருக்குத் தப்பு. இந்த ஊட்டுக்குக் கரெக்ட்டு."

அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு பாட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது, அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று தலைகால் புரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி உலர்த்தும்போதும் வேண்டுமென்றே அந்த அடியை விழுங்கிவிட்டுப் பாடினேன். கூடத்தில் இருக்கிற அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பாடுவேன்.

கார்த்திகை தீபம் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். திருவண்ணாமலையில் வீடு இருந்தால் தீபத்துக்குச் சொந்தக்காரர்கள் வருவதை யாரும் தடுக்க முடியாது. சமையலறையில்கூடப் பாய் விரித்திருக்கும். அந்த வருஷம் அவருடைய அத்தை மகள், சென்னையிலிருந்து புருஷனும் கைக்குழந்தையுமாக வந்தாள். அவருக்கு அவள் முறைப்பெண். அவர்கள் இருவருக்கும் பேச்சு நடந்து, ஜாதகம் பொருந்தாமல் விட்டுவிட்டார்கள் என்று என் கல்யாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் தெரியும். அதெல்லாம் எந்தக் குடும்பத்திலும் உள்ளதுதானே என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வந்தவள் நல்லவளாக வேறு இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்குப் புடவை வாங்கி வந்திருந்தாள், அக்கா அக்கா என்று காலைச் சுற்றினாள், பொரி உருண்டை பிடிக்கச் சம்மணம் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெல்லப்பாகு கை பொறுக்கிற சூட்டுக்கு வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் தன்பாட்டுக்கு முணுமுணுக்க ஆரம்பித்தாள். அதே பாட்டு. அவன் சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னான். அடுத்த அடியில் வந்து நின்றான்.

என் கை பாகிலேயே நின்றுவிட்டது. சுட்டது அப்புறம்தான் தெரிந்தது.

"இந்தப் பாட்டு எங்க கத்துக்கின?" என்று கேட்டேன்.

"இங்கதாங்க்கா. சின்னப்புள்ளையில ரெண்டு வருஷம் எங்க மாமா, ஒங்க மாமனாரு ஊட்ல தங்கிதான படிச்சேன். இவரு தெனம் தட்டு போடுவாரு, நான் கேட்டுக்கினே இருப்பேன்."

இவர் என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரரை. தட்டு என்று அவளும் சொன்னாள். பொரி உருண்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்தேனோ தெரியாது, அந்த வருஷம் கடிக்க முடியவில்லை என்று எல்லோரும் குறை சொன்னார்கள்.

மத்தியானம் அவளாகப் போய்ப் பீரோவைத் திறந்தாள். கதவைத் தட்டவில்லை, அனுமதி கேட்கவில்லை. கை துடைத்தாளா என்றுகூட எனக்குச் சந்தேகம். கட்டை விரல் தட்டின் மேலேயே பட, நாலைந்தை உருவி எடுத்தாள். நான் கதவோரம் நின்று, இப்போது கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். "மெதுவா" என்றார், அவ்வளவுதான். பிறகு உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

எனக்கு வந்தது பொறாமை. இதை வேறு எப்படியும் நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் புருஷன் பாவம், வராந்தாவில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒரு பொறாமையும் இல்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே பட்டேன். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே அரோகரா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எழுதத் தக்கதல்ல.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு நான் அந்தப் பாட்டைப் பாடுவதை நிறுத்திவிட்டேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டொரு வருஷம் கழித்துப் பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடை ஒன்றில் அதே தட்டு, கீறல் இல்லாமல் பளபளவென்று கிடந்தது. நானே எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதான் ஊட்ல இருக்கே" என்று இருந்த இடத்தில் வைத்துவிட்டார். தூசி படிந்த தட்டுக்கெல்லாம் பேரம் பேசி மூட்டையாகக் கட்டுகிற மனிதர். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குள் எனக்குக் கலெக்டர் ஆபீசில் தட்டச்சர் வேலை கிடைத்தது. ஆபீஸ் வேங்கிக்காலுக்குப் போனபோது நாங்களும் அங்கே இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டோம். வீடு மாறிய அன்று அரிசி மூட்டைக்கு முன்னால், சாமி படத்துக்கு முன்னால், தட்டுகள் போயின. டெம்போவில் அவற்றோடு அவரே உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் ஆட்டோவில், பால் காய்ச்சும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "அந்தத் தட்டுங்க வேற, ஒடஞ்சிட்டா கெடைக்காது" என்று அதற்குச் சமாதானம் சொன்னார். நான் பழையபடி புலம்பியபோது, "ஆரம்பிச்சிட்டியா? கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி" என்றார். மற்ற நாளில் தட்டு என்பவருக்கு என்னைத் திட்டும்போது மட்டும் ரெக்கார்டு என்று வரும்.

ஆபீசில் தட்டச்சு எந்திரத்தை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன், வீட்டுக்கும் ஒன்று வாங்கினோம். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போது பாதை நெடுகத் தள்ளுவண்டிகளில் எம்பி3 சிடி விற்பார்கள். ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு. ஒரு பௌர்ணமிக்கு வாங்கி வந்து, கம்ப்யூட்டரில் போட்டு, அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். உங்கள் பீரோ மொத்தமும் இந்த ஒரு வட்டத்துக்குள் அடக்கம் என்று சொல்லிக் காட்டுவதில் எனக்கு இருந்த ஆனந்தத்தை மறைக்க நான் முயலவில்லை. தேடிப் பிடித்து அந்தப் பாட்டையே போட்டேன். சுத்தமாக, ஒரு கரகரப்பும் இல்லாமல் பாடியது. அவள் வாசலில் நின்று காத்திருக்கிற அடி முழுசாக வந்தது. எத்தனை நேரம் காத்திருக்கிறாள் பாவம் என்று இருந்தது எனக்கு.

"இது அந்தப் பாட்டு இல்ல" என்று எழுந்துவிட்டார்.

"அதே பாட்டுதாங்க. இதான் முழுசு."

"முழுசா இருந்தா மட்டும் ஆச்சா?"

அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சிடியைப் போட்டால் கம்ப்யூட்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று கைவிரித்தது. பின்பக்கம் ஒரே ஒரு கீறல்தான். நூற்றைம்பது பாட்டும் போயிற்று. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தத் தட்டா இருந்தாலும் கீறல் உழும். என்னுது எகிறும். ஒன்னுது ஊமையாயிடும்" என்றார். கடுப்பில் இன்னொரு சிடி வாங்கி, இந்தத் தடவை எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏற்றி வைத்தேன்.

அத்தை மகள் இதற்குள் புருஷனோடு அமெரிக்கா போய்ச் செட்டிலாகிவிட்டாள். தீபத்துக்கு வருவது நின்றது. எனக்குப் பாரம் இறங்கியது என்று நினைத்தேன். ஒரு நாள் போன் வந்தது. அவர்தான் எடுத்தார். பேசிவிட்டு என்னிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அவ கேக்கறா. நம்ம தட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, சிடி போட்டு அனுப்ப முடியுமான்னு. சின்ன வயசுல கேட்டதெல்லாம் திரும்பக் கேக்கணுமாம். ஒனக்குத்தான் அந்த வேலையெல்லாம் வருமே."

எம்பி3 என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். அவள் கேட்டதும் அது வேலையாகிவிட்டது, எனக்கு வருகிற வேலையாகவும் ஆகிவிட்டது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் தட்டைத் தொடுவது அவர், கம்ப்யூட்டரைத் தொடுவது நான், இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும் என்பது அப்போது தோன்றியது. சரி என்றேன்.

பிளேயரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயரை மாட்டினேன். அவர் தட்டைத் துடைத்து முள்ளை இறக்குவார், நான் மௌசை அழுத்துவேன். முதல் வாரமே அவர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். வாயில் விரலை வைத்து, பேசாதே என்று எனக்கு ஜாடை காட்டினார். அறையில் கேட்கிற சத்தமெல்லாம் பாட்டோடு சேர்ந்து பதிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒயரில் வருவது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், வேர்த்து வழிய, மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தோம். நல்ல இடம் வந்தால் அவர் என் முழங்கையை லேசாக இடிப்பார். நான் தலையாட்டுவேன். பக்கம் முடிந்ததும் கையைக் கவிழ்த்துக் காட்டுவார், நான் நிறுத்துவேன். வெளியே வெயிலில் திருவண்ணாமலை பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது பதறிப்போய் என்னைப் பார்ப்பார், பரவாயில்லை என்று கையால் சொல்வேன். கல்யாணமாகி எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் எனக்கு அந்த நாற்காலி கிடைத்துவிட்டது. இன்னொருத்தி கேட்டதற்காகக் கிடைத்தது என்பது உறுத்தாமல் இல்லை. உறுத்தலோடுதான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தப் பாட்டின் முறை வந்தது. முள் எகிறிய இடத்தில் திரையில் ஒரு கோடு நெட்டுக்குத்தாக எழும்பி அடங்கியது. பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் மானிட்டரைக் காட்டி, காதோடு சொன்னேன்.

"இத்த ரிப்பேர் பண்ணிடலாங்க. சிடிலேர்ந்து அந்த ஒரு அடிய மட்டும் எடுத்து இங்க ஒட்டிட்டா, இருந்த எடமே தெரியாது."

"வாணாம். அப்படியே இருக்கட்டும்."

"அனுப்பறதுதான் அனுப்பறோம், நல்லதா அனுப்பலாமே?"

சுற்றுகிற தட்டையே திரும்பிப் பார்த்தார். அப்புறம் தான் போட்ட சட்டத்தை மறந்துவிட்டு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தமாகப் பேசினார்.

"அவ போட்ட கீறல் இது. ஆடறேன்னு குதிச்சா, கை பட்டு முள்ளு இழுத்துடுச்சு. எங்கப்பா வாங்கியாந்து ஒரு வாரம்கூட ஆவல. அது பயந்துபோயி அழுவுது. நான்தான் பண்ணேன்னு சொல்லிட்டேன். பெல்ட்டாலயே அடிச்சாரு."

பாட்டில் ஓர் அடி போனதற்கு அவர் வாங்கிய அடி எத்தனையோ. பாண்டிச்சேரிக் கடையில் அந்தக் கீறல் இல்லாத தட்டை ஏன் வைத்துவிட்டு வந்தார் என்பது இப்போது புரிந்தது. புரிந்ததும் எரிச்சல் குறையவில்லை, கூடியது.

"எனக்காக யார்கிட்டயாவது அடி வாங்கியிருக்கீங்களா நீங்க?"

"ஒங்கிட்டயேதான் தெனம் வாங்கறனே" என்றார். பிறகு திடீரென்று திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, நான் பேசனதெல்லாம் பதிஞ்சிருக்குமே?"

திரையைப் பார்த்தேன். பாட்டின் கோடு மட்டும் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் சொன்ன ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் உண்மையைச் சொன்னேன்.

"பதியாதுங்க. ஒயர்ல வர்றது மட்டும்தான் அதுக்குக் கேக்கும்."

"அப்ப இத்தினி வாரமா ஃபேன நிறுத்திட்டு வேர்த்துக்கினு உக்காந்திருந்தது?"

"நீங்கதான நிறுத்தனீங்க."

அடுத்த வாரத்திலிருந்து ஃபேன் ஓடியது. அவர் தட்டைப் போட்டு முள்ளை இறக்கிவிட்டு, பேப்பர் படிக்க வாசலுக்குப் போய்விட்டார். பக்கம் முடிந்தால் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போவார். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

மீதித் தட்டுகளை அப்படியே ஏற்றி முடித்து, சிடிகளாகப் போட்டு, அமெரிக்கா போகிற சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம். அந்தப் பாட்டைக் கீறலோடேயே அனுப்பினேன். அப்புறம் தினமும் எனக்குப் பின்னால் ஆபீசிலிருந்து வந்ததும், "போன் வந்துச்சா?" என்று கேட்பார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி போனைத் துடைத்துத் துடைத்து வைத்தார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கறி வாங்கப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"அக்கா, சிடி வந்துடுச்சுக்கா. எவ்ளோ வேல பண்ணியிருக்கீங்க. மாமாகிட்ட ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லுங்க" என்றாள். குழந்தைகளைப் பற்றிப் பேசினாள், பனியைப் பற்றிப் பேசினாள். நானே கேட்டேன், அந்தப் பாட்டு கேட்டாயா என்று.

"எது? ஆங், அதா. அது மட்டும் ரெக்கார்ட் பண்றப்ப ஏதோ மிஸ்டேக் ஆயிடுச்சு போலக்கா. நடுவுல ஒரு வரி கட் ஆயிடுது. பரவால்ல விடுங்க, இங்க நெட்லயே சுத்தமா கெடைக்குது, அதத்தான் ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்கேன். மாமாகிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவாரு."

கட் ஆயிடுது என்றாள். பொரி உருண்டை பிடித்துக்கொண்டே அந்த அடியை விழுங்கிப் பாடியவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கேட்டுக் கேட்டு, சுத்தமான பாட்டு பழைய பாட்டை அவளிடமிருந்து துடைத்து எடுத்திருக்கிறது. கீறலும் போயிற்று, கீறலைப் போட்டதும் போயிற்று. இத்தனை வருஷமாக நான் யாரைப் பார்த்து வயிறெரிந்தேனோ, அவள் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய் எவ்வளவோ காலமாகியிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தது இவர் ஒருவர்தான்.

போனை வைத்துவிட்டு நின்றேன். எனக்குக் குதியாட்டம் போடத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவர் பையோடு உள்ளே வந்தார். போன் சற்று இடம் மாறியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அவளா? என்னா சொன்னா?"

"சிடி வந்துடுச்சாம். எல்லாம் நல்லா கேக்குதாம்."

"அந்தப் பாட்டு?"

அவளுக்கு அது ஞாபகமே இல்லீங்க. இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். பதினைந்து வருஷத்துக் கணக்கு தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"கேட்டாளாம். அந்த எடம் வந்ததும் ஒரே சிரிப்பாம். மாமா எனக்காக அடி வாங்கனாரேன்னு சொன்னா."

அவர் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. எனக்கு வேலை கிடைத்த அன்று வரவில்லை, வீடு கட்டி முடித்த அன்று வரவில்லை. பையை அப்படியே என் கையில் கொடுத்தார். கையைக் கழுவி, இரண்டு துண்டிலும் துடைத்துக்கொண்டு, பீரோவைத் திறந்து அந்தத் தட்டை எடுத்தார். முள்ளை ஊதினார். பிறகு உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து தன் பக்கத்தில் போட்டார்.

"கறி இருக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம். நீயும் வந்து உக்காரு, கேளு."

போய் உட்கார்ந்தேன். பாட்டு ஓடியது. அவன் சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னான். முள் எகிறியது. அவர் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இல்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் சிரித்தேன்.